ராஜபாளையம் குட்டி: முன்பணம் அனுப்பும் முன்

கேள்வி: நாங்கள் திருச்சியில் சுற்றுச்சுவர் உள்ள தனி வீட்டில் வசிக்கிறோம். பதினொரு வயதில் மகளும் ஏழு வயதில் மகனும் இருக்கிறார்கள். கணவர் வேலை நிமித்தமாக வாரத்தில் நான்கு நாள் வெளியூரில் இருப்பார். நாட்டு நாய் இனம்தான் வேண்டும் என்று முடிவு செய்து ராஜபாளையம் குட்டி தேடினோம். இணையத்தில் விளம்பரம் செய்திருந்த ஒருவர், 30 நாள் ஆன ஆண் குட்டி ஒன்று இருப்பதாகவும், சுத்தமான பால் வெள்ளை, ரோஸ் மூக்கு, இரண்டு தடுப்பூசியும் போட்டாயிற்று என்றும் சொல்கிறார். தாயும் தகப்பனும் தோட்டத்தில் இருப்பதால் இப்போது காட்ட முடியாதாம். கேசிஐ பேப்பர், அதாவது குட்டியின் வம்சாவளிப் பதிவுச் சான்று, வேண்டுமானால் தனியாக ஐயாயிரம் ரூபாய். பாதிப் பணத்தை முன்கூட்டி அனுப்பினால் குட்டியை மதுரைப் பேருந்து நிலையத்தில் கொண்டுவந்து தருவாராம். அடுத்த மாதம் மகளின் பிறந்தநாள். அதற்குள் குட்டி வர வேண்டும் என்று அவள் ஆசைப்படுகிறாள். இவரை நம்பலாமா? நல்ல வளர்ப்பாளரை எப்படிக் கண்டுகொள்வது?

பதில்: அன்புள்ள வாசகருக்கு, முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: முன்பணம் அனுப்ப வேண்டாம். அந்த மனிதர் ஏமாற்றுக்காரர் என்று ஒரு கடிதத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் அவர் சொன்னதாக நீங்கள் எழுதியிருப்பவற்றில் ஒன்றுகூட, ஒரு கால்நடை மருத்துவர் என்ற முறையில், எனக்குச் சமாதானம் தரவில்லை. ஏன் என்பதை விளக்கினால் உங்கள் இரண்டாவது கேள்விக்கான விடையும் அதிலேயே கிடைத்துவிடும்.

முப்பது நாள் என்ற கணக்கிலிருந்து தொடங்குகிறேன். மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 2017ஆம் ஆண்டில் கொண்டுவரப்பட்ட நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகளின்படி, எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. இது ஏதோ அலுவலகத்தில் அமர்ந்து போட்ட கணக்கு என்று நினைத்துவிடாதீர்கள். மூன்றாவது, நான்காவது வாரத்தில்தான் குட்டி பாலுடன் மற்ற உணவையும் நக்கிப் பழகுகிறது. அதற்குப் பிறகு வரும் நான்கைந்து வாரங்களில், கூடப் பிறந்தவற்றோடு உருண்டு புரண்டு கடித்து விளையாடும்போது, எவ்வளவு அழுத்திக் கடித்தால் எதிரில் இருப்பது கத்தும், எப்போது தாய் உறுமி விலக்கும் என்பதைக் கற்றுக்கொள்கிறது. இந்தப் பாடத்தை மனிதர்கள் நடத்த முடியாது. ஒரு மாதத்திலேயே பிரித்துக் கொண்டுவரப்பட்ட குட்டிகள் ஆறாவது மாதத்தில் வீட்டுக் குழந்தையின் கையைக் காயப்படுத்திவிட்டதாக என்னிடம் அழைத்து வரப்படுவது அடிக்கடி நடப்பது. உங்கள் வீட்டில் ஏழு வயதுப் பையன் இருக்கிறான் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அடுத்தது அந்த இரண்டு தடுப்பூசி. பார்வோ, டிஸ்டெம்பர் ஆகிய உயிர்கொல்லி வைரஸ் நோய்களுக்கான தடுப்பூசியை ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில், பதினாறு வாரம் ஆகும்வரை தொடர்ந்து போடுவதே வழக்கம். வெறிநோய்த் தடுப்பூசி மூன்றாம் மாதத்தில் வரும். சீம்பால் வழியாகத் தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்புப் பொருள் குட்டியின் ரத்தத்தில் நிறைந்திருக்கும் காலத்தில் ஊசி போட்டால், அந்த எதிர்ப்புப் பொருளே தடுப்பு மருந்தையும் செயலிழக்கச் செய்துவிடும். ஆகவே முப்பது நாளில் இரண்டு ஊசி போட்டாயிற்று என்றால், ஒன்று போடவில்லை, அல்லது போட்டும் பெரும்பாலும் பயனில்லை. எப்படியிருந்தாலும் நீங்கள் அதை நம்பிக் குட்டியைத் தெருவில் இறக்கிவிடும் ஆபத்து இருக்கிறது. பேருந்து நிலையத்தில் கைமாறும் குட்டிகள் மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ வாந்தியும் ரத்தக் கழிச்சலுமாக எங்கள் மேசைக்கு வருவதற்குக் காரணம் பயணக் களைப்போ பால் மாறியதோ இல்லை. பார்வோ கிருமி உடலில் நுழைந்து நோயாக வெளிப்பட ஏறக்குறைய அத்தனை நாள்தான் எடுக்கும். விற்றவர் கையில் இருந்தபோது குட்டி துள்ளி விளையாடியது உண்மையாகவே இருக்கலாம்.

இனி, நீங்கள் கேட்காத ஒன்றைப் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. ராஜபாளையம் இனத்தைத் தேர்ந்தெடுக்கும் எவரும் இதைத் தெரிந்துகொள்ளாமல் பணம் கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அது காது பற்றியது.

வெள்ளைத் தோலும் ரோஸ் மூக்கும் இந்த இனத்தின் அடையாளமாகிவிட்டன. 2005இல் அஞ்சல் துறை இந்திய நாய் இனங்களுக்குத் தபால் தலை வெளியிட்டபோது அவற்றுள் ஒன்றாக இடம்பெற்ற பெருமையும் இதற்கு உண்டு. ஆனால் தோலுக்கு நிறம் தரும் அணுக்கள் உட்காதிலும் இருக்க வேண்டும். அங்கே செவிநரம்பின் நுனி அணுக்களுக்கு ஊட்டம் தரும் மெல்லிய ரத்தநாளப் படலம் உயிரோடிருக்க அவையே ஆதாரம். உடல் முழுவதும் வெள்ளையாக இருக்கும்படி தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வந்த இனங்களில், சில குட்டிகளின் உட்காதில் அந்த அணுக்கள் போய்ச் சேர்வதே இல்லை. பிறந்த குட்டிக்கு இரண்டாவது வாரத்தில்தான் காதுத் துளை திறக்கிறது. நிறமணுக்கள் இல்லாத காதில் மூன்றாவது, நான்காவது வாரத்துக்குள் அந்தப் படலம் கருகி, செவித்திறன் நிரந்தரமாகப் போய்விடுகிறது. டால்மேஷியன் இனத்திலும் இதே கதைதான். அமெரிக்காவில் அவற்றைச் சோதித்தபோது ஏறத்தாழ 30 விழுக்காட்டு நாய்களுக்கு ஒரு காதாவது கேட்கவில்லை என்று தெரியவந்தது. ராஜபாளையத்திலும் பிறவிச் செவிடு உண்டு என்பது அந்த ஊரில் நாய் வளர்க்கும் எல்லாருக்கும் தெரியும். விளம்பரத்தில் மட்டும் அது வராது.

இப்போது அந்த முப்பது நாளைத் திரும்ப நினைத்துப் பாருங்கள். குட்டிக்குக் காது கேட்கிறதா இல்லையா என்பதை உறுதியாகச் சொல்லக்கூடிய காலம் ஐந்தாறு வாரத்துக்குப் பிறகே வருகிறது. அதற்கு முன்பே குட்டியைக் கைமாற்றிவிடுபவருக்கு, அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் பொறுப்பும் கைமாறிவிடுகிறது.

இதில் நானே தவறியிருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு குடும்பம் ஏழு வாரக் குட்டியைக் கொண்டுவந்தது. முகத்துக்குப் பின்னால் கை தட்டினேன், திரும்பிப் பார்த்தது. நலமாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மூன்று வாரம் கழித்து அந்த வீட்டுப் பாட்டி, "குக்கர் விசில் அடித்தால்கூட இது தூக்கம் கலையாமல் கிடக்கிறதே டாக்டர்" என்று கேட்டார். தட்டிய கையிலிருந்து வந்த காற்று குட்டியின் காது மயிரில் பட்டிருக்கிறது. அதற்குத்தான் அது திரும்பியிருக்கிறது. செவிட்டுக் குட்டி மிகக் கூர்மையாகப் பார்க்கும், தரையின் அதிர்வை உடனே உணரும், கூடப்பிறந்தது திரும்பினால் தானும் திரும்பும். எனவே சோதிக்கும்போது அதைத் தனியே பிரித்து, அது வேறு எதையாவது பார்த்துக்கொண்டிருக்கும்போதோ தூங்கும்போதோ, கண்ணுக்குப் படாமல், தரையைத் தட்டாமல், சற்றுத் தள்ளி நின்று சாவிக்கொத்தைக் குலுக்க வேண்டும். இரண்டு மூன்று முறைக்கு மேல் செய்தால் நன்றாகக் காது கேட்கும் குட்டியும் சலித்துப் போய்ப் பேசாமல் இருந்துவிடும். ஒலி கேட்டவுடன் எந்தப் பக்கம் என்று தெரியாமல் சுற்றிச் சுற்றித் தேடினால் ஒரு காது மட்டும் கேட்கிறதோ என்று சந்தேகப்படலாம். தலையில் மின்வாய் பொருத்தி மூளைத் தண்டின் துலங்கலைப் பதிவு செய்யும் பேயர் சோதனைதான் இதை ஐயமறச் சொல்லும். அந்த வசதி எல்லா ஊர்களிலும் இல்லை.

ஒரு காது கேளாத நாய் வீட்டு நாயாகச் சிறப்பாகவே வாழும்; உங்களுக்கு அதனால் பெரிய தொல்லை இராது. ஆனால் அதை இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்தினால் அடுத்த ஈத்தில் முழுச் செவிட்டுக் குட்டிகள் பிறக்கும் வாய்ப்பு கூடுகிறது. இரண்டு காதும் நன்றாகக் கேட்கும் பெற்றோருக்கும் சில நேரம் அப்படிப் பிறக்கலாம். ஆகவே வளர்ப்பாளரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: "இந்தத் தாயின் முந்தைய ஈத்துகளில் காது கேளாத குட்டி எத்தனை பிறந்தன, அவை இப்போது எங்கே இருக்கின்றன?" எங்கள் பரம்பரையில் அப்படி ஒன்று நடந்ததே கிடையாது என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்பவரைவிட, சென்ற முறை ஏழில் ஒன்று அப்படிப் பிறந்தது, விற்கவில்லை, அதோ திண்ணையில் படுத்திருக்கிறது என்று காட்டுபவரிடம் நான் வாங்குவேன். இனத்தில் உள்ள குறையை அறிந்து, எண்ணி, மறைக்காமல் சொல்பவரால்தான் அதைக் குறைக்க முடியும்.

அந்தப் பதிலைத் தொலைபேசியில் கேட்பது போதாது. நேரில் போக வேண்டும். திருச்சியிலிருந்து ராஜபாளையம் ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய தொலைவுதான். போனால் குட்டிகளை நோக்கி ஓடிவிடாதீர்கள், குழந்தைகளையும் விடாதீர்கள். முதலில் தாயைப் பாருங்கள். குட்டி போட்ட தாய் கொஞ்சம் இளைத்திருக்கும், மடி தொங்கியிருக்கும், முடி உதிர்ந்திருக்கும், இவை இயல்பு. விலா எலும்பு ஒவ்வொன்றையும் எண்ணும்படி இருந்தாலோ, தோலில் சொறியும் காதோரத்தில் உண்ணிக் கொத்தும் இருந்தாலோ வேறு கணக்கு. நம் ஊர் உண்ணி எர்லிகியா, பபீசியா போன்ற ரத்த நோய்களைக் கொண்டுவரும். கொட்டிலில் உண்ணி இருந்தால் குட்டியோடு அதுவும் உங்கள் வீட்டுக்கு வரும்.

அந்தத் தாய் தன்னை வளர்ப்பவரிடம் எப்படி நடந்துகொள்கிறது என்பதையும் கவனியுங்கள். ராஜபாளையம் காவலுக்கும் காட்டுப்பன்றி வேட்டைக்கும் வளர்க்கப்பட்ட நாய். அந்நியரைப் பார்த்து உறுமுவதைக் குறையாக நான் எழுத மாட்டேன், குட்டிகள் பக்கத்தில் இருக்கும்போது இன்னும் கூடுதலாகவே உறுமும். ஆனால் வளர்ப்பவர் ஒரு சொல் சொன்னதும் அது அடங்கி விலக வேண்டும். அவர் குட்டியைத் தூக்கி உங்களிடம் காட்ட அது அனுமதிக்க வேண்டும். வளர்ப்பவர் கையை ஓங்கும் முன்பே தாய் மூலையில் ஒடுங்கினால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பிவிடுங்கள். அச்சத்தில் வாழும் தாயின் குட்டிகள் அச்சத்தையும் கற்றுக்கொண்டே வளர்கின்றன. மூன்றாவது வாரம் தொடங்கி ஏறக்குறைய பன்னிரண்டாவது வாரம் வரை குட்டியின் மனம் திறந்திருக்கும் காலம். அதில் பாதிக்கு மேல் வளர்ப்பாளர் வீட்டில்தான் கழிகிறது. மனித நடமாட்டமே இல்லாத தோட்டத்துக் கொட்டிலில் கிடந்த குட்டியும், வீட்டு முற்றத்தில் மிக்ஸிச் சத்தம், குழந்தைகளின் ஓட்டம், பால்காரர் வருகை எல்லாவற்றுக்கும் இடையே வளர்ந்த குட்டியும் பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியலாம். உங்கள் மகனுடன் பழகும்போது வேறுபாடு தெரியும்.

தாய்க்கு என்ன வயது, இது எத்தனையாவது ஈத்து என்று கேளுங்கள். நான் முன்பு குறிப்பிட்ட விதிகள், 18 மாதம் நிறையாத பெண் நாயை இணை சேர்க்கக் கூடாது என்றும் வாழ்நாளில் ஐந்து ஈத்துக்கு மேல் கூடாது என்றும் வரையறுக்கின்றன. ஆண்டுக்கு இருமுறை பருவத்துக்கு வரும் நாயை ஒவ்வொரு பருவத்திலும் இணை சேர்த்தால் அதன் உடலில் சுண்ணாம்புச் சத்தோ வலுவோ தங்காது என்பது என் மருத்துவ அனுபவம். வளர்ப்பாளர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் உண்டு. பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. பதிவு இருப்பதாலேயே ஒருவர் நல்லவர் ஆகிவிடமாட்டார் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். ஆனால் அதைக் கேட்டவுடன் எரிச்சல்படுபவரிடம் வேறு எதையும் கேட்க வேண்டியதில்லை.

கேசிஐ பேப்பர் பற்றி. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கென்னல் கிளப் ஆஃப் இந்தியா தரும் பதிவுச் சான்று, இந்தக் குட்டியின் தாய் தகப்பன் யார், அவற்றின் முன்னோர் யார் என்பதைச் சொல்கிறது. குட்டி நலமானது என்றோ காது கேட்கும் என்றோ அது சொல்வதில்லை. ஈத்தைப் பதிவு செய்யும் வளர்ப்பாளர் பிறந்த குட்டிகள் அனைத்தையும் சேர்த்தே பதிவு செய்வார். பேப்பரோடு ஒரு விலை, பேப்பர் இல்லாமல் ஒரு விலை என்று காய்கறி போலப் பேசுபவர் ஒன்றும் பதிவு செய்யாதவராக இருக்கலாம், அல்லது வேறொரு குட்டிக்கான சான்றை உங்களுக்குத் தருபவராக இருக்கலாம். குட்டியின் தோலுக்கடியில் வைக்கப்பட்ட மைக்ரோசிப்பின் 15 இலக்க எண்ணைக் கருவியால் படித்து, சான்றில் உள்ள எண்ணோடு ஒத்துப் பாருங்கள். அந்தக் கருவி பல கால்நடை மருத்துவமனைகளில் இருக்கிறது. சான்று கையில் கிடைத்தால் மூன்று தலைமுறைப் பெயர்களையும் நிதானமாகப் படியுங்கள். தாய் வழியிலும் தகப்பன் வழியிலும் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால் அது நெருங்கிய ரத்தச் சேர்க்கை. சுத்தமான ரத்தம் என்று சிலர் இதையே பெருமையாகச் சொல்வார்கள். ஏற்கெனவே எண்ணிக்கையில் குறைந்துபோன ஓர் இனத்தில், காதுக் குறை உட்பட மறைந்திருக்கும் குறைகள் வெளியே வருவதற்கு இதைவிடக் குறுக்கு வழி இல்லை.

நல்ல வளர்ப்பாளர் உங்களையும் கேள்வி கேட்பார். சுவர் எத்தனை அடி உயரம், பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், இதற்கு முன் நாய் வளர்த்ததுண்டா, சங்கிலியில் கட்டிப் போடப் போகிறீர்களா என்றெல்லாம் விசாரிப்பார். பெண் பார்க்க வந்தவர்கள்போலத் துருவுகிறாரே என்று சலித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கணவர் நான்கு நாள் வெளியூரில் இருக்கிறார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். வளர்ந்த ஆண் ராஜபாளையம் தோளுயரம் இரண்டடியைத் தாண்டும். ஒருவருக்கு மட்டும் கட்டுப்படும் இயல்பும் அதற்கு உண்டு. காலையும் மாலையும் அதை நடத்திச் செல்லப் போவது நீங்கள்தான் என்றால், அது முதல் நாளிலிருந்தே உங்கள் கையில் வளர வேண்டும். இதைக் கேட்டுவிட்டு, உங்கள் வீட்டுக்கு ஆண் குட்டியைவிடப் பெண் குட்டி சரியாக இருக்கும் என்றோ, இந்த ஈத்தில் துடுக்கான குட்டியைத் தர மாட்டேன் என்றோ ஒருவர் சொன்னால், விற்பனையை இழக்கத் துணிந்து உண்மை பேசுகிறார் என்று பொருள். வளர்க்க முடியாமல் போனால் குட்டியைத் தன்னிடமே திருப்பித் தர வேண்டும் என்று நிபந்தனை போடுபவரும் அந்த வகையைச் சேர்ந்தவரே.

ஒரு சின்னக் குறிப்பு. ஒரே நாளில் இரண்டு மூன்று கொட்டில்களுக்குப் போகாதீர்கள். பார்வோ கிருமி மண்ணில் பல மாதம் உயிரோடிருக்கும். செருப்பிலும் துணியிலும் ஒட்டிப் பயணம் செய்யும். வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொல்லி, கை கழுவச் சொல்லி, தடுப்பூசி முடியாத குட்டிகளைத் தொட வேண்டாம் என்று தடுப்பவரை மரியாதை தெரியாதவர் என்று எண்ணிவிடாதீர்கள். என் கணக்கில் அவருக்கு அங்கேயே பாதி மதிப்பெண் கிடைத்துவிட்டது.

விலை பேசி முடித்தபின், பிறந்த தேதி, தடுப்பூசி மருந்தின் ஒட்டுச்சீட்டோடு கூடிய அட்டை, குடற்புழு நீக்க மருந்து கொடுத்த நாள்கள், மைக்ரோசிப் எண் ஆகியவற்றை எழுத்தில் வாங்குங்கள். குட்டி வீட்டுக்கு வந்த இரண்டு நாளுக்குள் உங்கள் மருத்துவர் சோதித்துப் பெரிய குறை ஏதேனும் கண்டால் திருப்பி எடுத்துக்கொள்வதாகவும் அதில் எழுதச் சொல்லுங்கள். அங்கே தின்று பழகிய உணவையே ஒரு வாரத்துக்குக் கொடுக்க வேண்டும். கொஞ்சம் கேட்டு வாங்கிவாருங்கள்.

பிறந்தநாள் விஷயம் ஒன்று மிச்சம் இருக்கிறது. முறையாக வளர்ப்பவரிடம் கேட்டவுடன் குட்டி இருக்காது. நாயின் சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள், அதற்கு மேல் எட்டு வாரம். பெரும்பாலும் பெயரை எழுதிவைத்துக் காத்திருக்கச் சொல்வார்கள். அடுத்த மாதத்துக்குள் அது கைகூடாது என்பதை மகளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். அதற்குப் பதிலாக, பிறந்தநாளன்று அவளை அழைத்துக்கொண்டு, நீங்கள் விசாரித்து வைத்திருக்கும் வளர்ப்பாளர் வீட்டுக்குப் போய்ச் சினையாக இருக்கும் தாயைக் காட்டுங்கள். குட்டிகள் பிறந்து எட்டு வாரம் ஆனபின் இரண்டாம் முறை போகும்போது, சாவிக்கொத்தை அவள் கையில் கொடுத்து, சத்தம் வராமல் பொத்திப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.